நூற்றைம்பது கனஅடி

விளவங்கோடு வட்டத்து விவசாயிகளிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு எண்கள் தவறாமல் வந்து விழும்: 9,200 ஏக்கர், 150 கனஅடி. கேரளத்தில் இருந்து நெய்யாற்று இடதுகரைச் சானல் எல்லை கடந்து வந்து பாய வேண்டிய நிலம் முதல் எண். அந்த நிலத்துக்காக நொடிக்கு வர வேண்டிய தண்ணீர் இரண்டாவது எண். 2004-ல் அந்தத் தண்ணீர் நின்றது. மனுக்களிலும் மேடைப் பேச்சுகளிலும் எண்கள் மட்டும் தங்கிவிட்டன.

நான் சானல் வேலைகளில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு இஞ்சிவிளைப் பக்கம், கேரளத்தில், பாறசாலைக்கு உட்பட்டது. பாட்டா விட்டுப்போன வயல் களியக்காவிளைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டில். அதனால் இந்தத் தண்ணீரின் கதையை இரண்டு கரைகளில் இருந்தும் பார்த்தவன். அந்த 150 என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் குறைவு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நொடிக்கு 150 கனஅடி என்றால் ஒரு நாளைக்கு 1 கோடியே 29 லட்சத்து 60 ஆயிரம் கனஅடி. லிட்டரில் ஏறத்தாழ 36 கோடியே 70 லட்சம். கேட்பதற்குப் பெரிய வெள்ளம்தான். அதை 9,200 ஏக்கருக்குப் பிரித்தால் ஏக்கருக்கு நாளொன்றுக்குச் சுமார் 40,000 லிட்டர் வரும். வயலில் பரப்பி நிறுத்தினால் அதன் உயரம் பத்து மில்லிமீட்டர்கூட முழுதாக இல்லை. ஒரு சுண்டுவிரல் தடிமன். நெல் நிற்கும் வயலில் வெயிலும் பயிரும் சேர்ந்து நாளைக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் எடுத்துக்கொள்ளும். மண்ணுக்குள் இறங்குவது தனி. எங்கள் பக்கத்து வெட்டுக்கல் மண்ணில் அது குறைவாக இருக்காது. சானலோ மண்கரை. கால் பங்கு கரையிலேயே உறிஞ்சப்படுகிறது என்று வைத்துக்கொண்டால் வயலுக்குச் சேர்வது ஏழரை மில்லிமீட்டர். ஆக, 150 என்பது பேராசையில் கேட்ட எண் அல்ல. எடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் கைகொடுத்தால்தான் அந்த அளவைக் கொண்டு கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்தையும் எடுக்க முடியும். நாளைக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்த ஒரு பொறியாளரின் கை அந்த எண்ணில் தெரிகிறது. எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

சானல் வருவதற்கு முன் எங்கள் ஊர்களில் தண்ணீரை யாரும் இப்படி அளந்ததில்லை. நிலத்தை அளந்ததும் விதையைக் கொண்டுதான். இத்தனை மரக்கால் விதைப்பாடு, இத்தனை கோட்டை விதைப்பாடு என்பார்கள். விதைக்கும் விளைச்சலுக்கும் குத்தகைக்கும் நாழி, மரக்கால், பறை என்று ஒழுங்கான அளவைகள் இருந்தன. தண்ணீருக்கு மட்டும் இல்லை. சின்ன வயதில் பாட்டாவிடம் கேட்டிருக்கிறேன். “வெள்ளத்துக்கு நாழியும் இல்ல, மரக்காலும் இல்ல மக்களே. கண்டம் நெறஞ்சா நெறஞ்சதுதான்” என்பார்.

ஆனால் அளவே இல்லாமல் பங்கு வைக்க முடியாது. ஏலா என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியில் பங்கு நடந்தது நேரத்தைக் கொண்டு. குளத்து மடை திறந்தால் மேல்கண்டத்துக்கு இத்தனை நாழிகை, கீழ்கண்டத்துக்கு இத்தனை நாழிகை என்று முறை இருந்தது. ஒரு நாழிகை 24 நிமிடம். பகலில் நிழலைப் பார்த்தார்கள், இரவில் விண்மீனைப் பார்த்தார்கள். குளம் நிறைந்திருக்கும்போது கிடைக்கும் ஒரு நாழிகைத் தண்ணீரும் குளம் வற்றும்போது கிடைக்கும் ஒரு நாழிகைத் தண்ணீரும் ஒன்றல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் முறை சுழன்றது; இந்தப் பூவில் முதலில் வாங்கியவன் அடுத்த பூவில் பின்னால் போவான். கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருந்தன. அத்தனை குளங்களின் பங்கும் இப்படி வாய்வழக்கில் நின்றது. காகிதத்தில் இல்லை. ஊர் பிரியாமல் இருக்கும்வரை வாய்வழக்கு போதுமானது.

அரசுக்கும் தண்ணீரின் அளவு தேவைப்பட்டதில்லை. திருவிதாங்கூரில் கொல்லம் ஆண்டு 1058 முதல் 1086 வரை, அதாவது 1883 முதல் 1911 வரை, நிலவரித் திட்டம் நடந்தது. ஒவ்வொரு கண்டத்தையும் அளந்து, தரம் பிரித்து, விளைச்சலைப் பார்த்து வரி வைத்தார்கள். தண்ணீர் கிடைக்கிறதா என்பது அந்தத் தரத்துக்குள் மறைமுகமாக இருந்தது. அதே காலத்தில்தான் கோதையாற்றில் பேச்சிப்பாறை அணை எழும்பி 1906-ல் முடிந்தது. தோவாளை, அகஸ்தீசுவரம் பக்கத்து நாஞ்சில் வயல்களுக்கு நிலையான தண்ணீர் வந்தது. விளவங்கோட்டின் மேற்குப் பகுதிக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அந்தப் பாக்கியம் அப்போது இல்லை. பிறகு 1946-ல் திருவிதாங்கூர் அரசு பழைய தரப்பிரிவை எல்லாம் தள்ளிவிட்டு ஏக்கருக்கு 14 சக்கரம் என்று ஒரே அடிப்படை வரி விதித்தது. குடியானவனுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் எந்த நிலத்துக்கு எந்தத் தண்ணீர் என்ற தடயமும் வரிக் கணக்கில் இருந்து அதோடு மங்கிப்போனது.

நெய்யாறு அகத்தியர் மலையில் பிறந்து பூவாற்றில் கடலைச் சேரும் சிறிய ஆறு. காட்டாக்கடைக்குக் கிழக்கே கள்ளிக்காட்டில் அதன் குறுக்கே 1950-களில் அணை கட்டினார்கள். திட்டம் போட்டது திருவிதாங்கூர்-கொச்சி அரசு. நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் அன்று ஒரே மாநிலத்தின் அடுத்தடுத்த தாலுகாக்கள். வலதுகரைச் சானல், இடதுகரைச் சானல் என்று கோடு போட்டவர்கள் மேட்டையும் பள்ளத்தையும் பார்த்துத்தான் போட்டார்கள். இடதுகரையில் தண்ணீர் இயல்பாகச் சரிந்து போகும் வழி விளவங்கோட்டுக்குள் போனது. அதனால் திட்டமும் போனது.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே எல்லை வந்துவிட்டது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டது; கிடைக்கவில்லை. தேவிகுளம், பீர்மேடும் கிடைக்கவில்லை. அந்தப் போராட்டத்தில் உயிர்விட்டவர்களைப் பற்றி இங்கு நிறைய எழுதியிருக்கிறார்கள். தண்ணீரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அணை ஒரு மாநிலத்தில், சானலின் வால் இன்னொரு மாநிலத்தில். பேச்சிப்பாறை போல முழுதாக இந்தப் பக்கம் வந்த அணைகளுக்குச் சிக்கல் இல்லை. காவிரி போலப் பழைய ஒப்பந்தமும் நெய்யாற்றுக்கு இல்லை. ஒரே அரசு தனக்குத்தானே ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுமா? எல்லைக் கல் நட்ட அன்று, இந்த இடத்தில் சானலில் இத்தனை அடி ஆழத் தண்ணீர் நிற்க வேண்டும் என்று ஒரு கேஜ் பலகையும் நட்டு, இருதரப்பும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். என் வாழ்நாள் வேலையை வைத்துச் சொல்கிறேன்: இந்தப் பூசலின் வேர் அங்கேதான்.

சானலில் தண்ணீரை எப்படி அளக்கிறோம் என்று கொஞ்சம் விளக்குகிறேன். இது தெரியாததால்தான் பல சண்டைகள்.

கண்ணுக்குத் தெரிவது உயரம் மட்டும். சானலில் நேற்று ஒரு சாண், இன்று இரண்டு சாண், ஆகவே இரண்டு மடங்கு என்று வரப்பில் நிற்பவர் நினைப்பார். தண்ணீர் அப்படி நடக்காது. மதகின் அடியில் உள்ள துளை வழியாகப் பாயும் தண்ணீருக்கு மேலே நிற்கும் உயரம் இரண்டு மடங்கானால் பாய்வது ஒன்றரை மடங்குகூட ஆகாது. நேர்விளிம்புப் பலகைக்கு மேலே வழிந்தால் அதே இரட்டிப்பு ஏறத்தாழ 2.8 மடங்கைத் தரும். முக்கோணமாக வெட்டிய பலகையில் வழிந்தால் ஏறத்தாழ 5.7 மடங்கு. செங்கோண முக்கோணப் பலகையில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு நொடிக்கு நான்கரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பாயும். இருபது சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 25 லிட்டர். மூன்று இடத்திலும் உயரம் ஒரே அளவுதான் கூடியது, தண்ணீர் கூடியது வேறு வேறு அளவில். நான் பயிற்சி கொடுத்த இளைஞர்களை முதலில் இந்த மூன்றையும் தம் கையால் அளக்க வைப்பேன். அதற்குப் பிறகு அவர்கள் கண்மதிப்பை நம்ப மாட்டார்கள்.

ரோம் நகரத்தின் தண்ணீர் அதிகாரியாகக் கி.பி. 97-ல் பொறுப்பேற்ற ஃபிராண்டினஸுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. குழாயின் வாயளவை வைத்தே அவர் கணக்கு எழுதினார். ஓட்டத்தின் வேகத்தை அளக்க வழியில்லை. உள்ளே வரும் கணக்கும் வெளியே போகும் கணக்கும் ஒத்துப்போகாதபோது திருட்டு என்று சந்தேகப்பட்டார். திருட்டும் இருந்திருக்கும். அளவைக் குறைபாட்டிலும் பாதி போயிருக்கும். 1920-களில் அமெரிக்காவின் கொலராடோவில் ரால்ஃப் பார்ஷல் என்ற பொறியாளர் நடுவில் குறுகி, அடித்தளம் இறங்கி ஏறும் ஒரு தொட்டி அமைப்பை உருவாக்கினார். அதில் ஒரே ஒரு இடத்தில் உயரத்தைப் படித்தால் போதும், அட்டவணை தண்ணீரைச் சொல்லிவிடும். வண்டல் தேங்காது, பெரிய சரிவும் வேண்டாம். விவசாயியும் அதிகாரியும் ஒரே அளவுகோலைப் பார்க்க முடியும் என்பதுதான் அதன் பெரிய நன்மை.

எங்களிடம் இருந்தது கேஜ் பலகை, லஸ்கர், ரிஜிஸ்டர். சானலைக் கவனிக்கும் கடைநிலை ஊழியரான லஸ்கர் காலையிலும் மாலையிலும் பலகையைப் படித்து எழுத வேண்டும். ஷட்டரை எத்தனை திருகு திருகினோம் என்றும் எழுத வேண்டும். நல்ல லஸ்கர்கள் மழையில் நனைந்துகொண்டு போய்ப் படித்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எந்த விருதும் வந்ததில்லை. அவர்கள் எழுதிய எண்களை வைத்துத்தான் பின்னால் எல்லாக் கணக்கும் நின்றது. வேறு மாதிரியும் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் பலகை வெள்ளத்தில் போன பிறகும் ரிஜிஸ்டரில் தினமும் ஒரே எண் ஏறிக்கொண்டிருந்தது. “சாரே, கேஜு எழுதியாச்சு” என்று கொண்டுவந்து நீட்டினார்கள். வாங்கிப் பார்த்தபோது மனசு வெந்தது. பொய் எண் எழுதிய பக்கத்தைவிட வெற்றுப் பக்கம் மேல். வெற்றுப் பக்கம் யாரையும் ஏமாற்றாது.

வருவாய்த்துறைக் கணக்கில் தண்ணீரின் அளவு அப்போதும் ஏறவில்லை. எல்லைக்கு இருபுறமும் பாசனத்தை ஏக்கரில்தான் எழுதினார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் அடங்கல் புத்தகத்தில் சர்வே எண், பயிர், பரப்பு, பாசன ஆதாரம் என்று பசலிதோறும், அதாவது வருவாய் ஆண்டுதோறும், பதிவாகும். ஒரு கண்டத்துக்கு எத்தனை கனஅடி போனது என்று அதில் இருக்காது. ஆனால் இந்தக் கண்டத்துக்கு நெய்யாற்றுத் தண்ணீர் பாய்ந்தது, இந்தப் பசலியில் நெல் விளைந்தது என்று இருக்கும். அந்த ஒரு வரியின் மதிப்பு அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

2004-க்குப் பிறகு நடந்ததை விரிவாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நெய்யாறு கேரளத்துக்குள்ளேயே பிறந்து முடியும் ஆறு, மாநிலங்களுக்கு இடையிலான ஆறு அல்ல, ஆகவே உரிமை என்று கேட்க இடமில்லை என்பது கேரளத்தின் நிலை. விளவங்கோட்டையும் சேர்த்தே போட்ட திட்டம் இது, எல்லை மாறியதால் பாசன உரிமை போகாது என்பது தமிழ்நாட்டின் நிலை. 2012-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இதற்கிடையில் சானலில் புல் முளைத்தது, குப்பை விழுந்தது, கரை இடிந்தது. வயல்கள் வாழையாகின, தென்னையாகின, ரப்பராகின, கடைசியில் வீட்டு மனையாகின. என் பாட்டாவின் ஏலாவில் இப்போது நெல் இல்லை. நானும் வாழைதான் வைத்திருக்கிறேன்.

கேரளப் பக்கத்து மனிதர்களுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். காரோடு, குளத்தூர் பக்கத்துச் சேட்டன்மாரும் சானலின் கடைமடையில் இருப்பவர்கள்தான். கோடையில் அவர்களுக்கும் தண்ணீர் எட்டாத நாட்கள் உண்டு. 2017 கோடையில் திருவனந்தபுரம் நகரத்துக்குக் குடிநீர் தட்டுப்பட்டபோது காப்புக்காட்டில் பம்பு வைத்து நெய்யாற்றுத் தண்ணீரை அருவிக்கரைக்குக் கொண்டுபோனார்கள். நகரம் வளரும், ஆறு வளராது. நெல்வயலை மூடக் கூடாது என்று கேரளம் 2008-ல் சட்டம் போட்டும் நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலும் நெல் சுருங்கித்தான் போயிருக்கிறது. ஆகவே 1950-களில் போட்ட கணக்கை அப்படியே இன்றைக்கு நீட்டிக் கேட்பதும் சரியாக வராது என்பது என் எண்ணம். 9,200 ஏக்கரில் இன்று நெல் எவ்வளவு, வாழை எவ்வளவு, தண்ணீர் வந்தால் திரும்ப நெல்லுக்கு வரக்கூடியது எவ்வளவு என்று புதிதாக அளந்துவிட்டுக் கேட்டால் நம் கோரிக்கை வலுப்படும், குறையாது.

சானல் நின்ற இடத்தில் ஆழ்துளைக் கிணறு வந்தது. தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984-லும் எல்லா விவசாயிகளுக்கும் 1990-லும் மின்சாரம் இலவசமானது. அதற்குப் பெரும்பாலும் மீட்டர் கிடையாது. பாறசாலைப் பக்கம் விவசாய இணைப்பிலும் மீட்டர் ஓடுகிறது. இலவச மின்சாரத்தை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் சானலை இழந்த பலர் விவசாயத்தையே விட்டிருப்பார்கள். ஆனால் நிலத்தடியில் இருந்து எவ்வளவு எடுக்கிறோம் என்று நமக்கே தெரியாமல் போய்விட்டது. அளக்கப் பெரிய கருவி வேண்டாம். 200 லிட்டர் டிரம் ஒன்றைப் பம்பின் வாயில் வைத்து, நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று கைபேசியில் பாருங்கள். நாற்பது நொடியில் நிறைந்தால் மணிக்கு 18,000 லிட்டர். இரண்டே கால் மணி நேரம் ஓடினால் ஒரு ஏக்கருக்குச் சானல் தந்திருக்க வேண்டிய ஒருநாள் பங்கு வந்துவிடும். கோடையில் அதே டிரம் நிறைய எத்தனை நொடி கூடுகிறது என்று எழுதிவைத்தால் உங்கள் கிணறு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

இரண்டு மாநிலங்களுக்கும் எல்லையில் தண்ணீரை அளக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தானது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைத் தமிழ்நாடு கேரளத்துக்குக் கொடுக்க வேண்டும். அங்கே கொடுப்பது நாம், வாங்குவது அவர்கள். அங்கேயும் பூசல் உண்டு. ஆனால் எத்தனை வந்தது, எத்தனை பாக்கி என்று எண்ணை வைத்துப் பேசுகிறார்கள். காவிரியில் பிலிகுண்டுலுவில் அளவு நிலையம் இருப்பதால்தான் 2018 தீர்ப்பின் 177.25 டி.எம்.சி. என்பது சரிபார்க்கக்கூடிய எண்ணாக இருக்கிறது. நெய்யாற்றுச் சானலில் 150 கனஅடி 77 நாள் முழுதாக ஓடினால்தான் 1 டி.எம்.சி. சேரும். மணக்கடவை ஒப்பிட்டால் இது சிறிய கணக்கு. வழக்கு எப்படி முடிந்தாலும் எல்லையில் ஓர் அளவைத் தொட்டி கட்டி, இரு மாநில லஸ்கர்களும் சேர்ந்து படித்து, ஒரே ரிஜிஸ்டரில் இருவரும் கையெழுத்துப் போடும் ஏற்பாடு வேண்டும். தீர்ப்பு வரும் நாளில் தண்ணீரைக் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அதுதான் முதல் தேவை.

அதுவரை விளவங்கோட்டு மக்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியிலோ பரணிலோ பழைய தண்ணீர் தீர்வை ரசீது, அடங்கல் நகல், சானல் முறை எழுதிய நோட்டு, லஸ்கராக இருந்த அப்பாவின் டைரி எது இருந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதில் உள்ள சர்வே எண்ணையும் ஆண்டையும் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து, உங்கள் ஊர்ப் பாசன சங்கத்தில் ஒரு பிரதி கொடுங்கள். நெய்யாற்றுத் தண்ணீர் நம் கண்டத்தில் பாய்ந்தது என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடிய முதியவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். காகிதமாவது மிஞ்ச வேண்டும்.